பலிக்குது இல்லை, வலிக்குது

1

கப்பலிலிருந்து இறங்கிய நாளை என் மனைவி மல்லிகா மறப்பதே இல்லை. கல்யாண நாளைக் கடையில் வாங்கிய லட்டோடு ஒப்பேற்றிவிடுவாள். போர்ட் பிளேரின் ஹேடோ ஜெட்டியில் நாங்கள் இரண்டு பேரும் தலைசுற்றலோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் வந்து நின்ற தேதிக்கு மட்டும் வருஷம் தவறாமல் பால் பாயசம் வைப்பாள். "வழியெல்லாம் வாந்தி எடுத்துட்டு வந்து சேந்திருக்கோம், சும்மாவா?" என்பாள்.

அந்தமானில் இருப்பதை வெளிநாட்டு வாழ்க்கை என்று சொல்லிக்கொள்ள முடியாது. பாஸ்போர்ட் வேண்டாம், ரூபாயும் அதே ரூபாய்தான். ஆனாலும் இங்கே யாரும் தமிழ்நாட்டைத் தமிழ்நாடு என்று சொல்வதில்லை. 'மெயின்லேண்ட்' என்றுதான் சொல்கிறார்கள். நடுவில் கிடக்கும் கடல் அப்படிச் சொல்ல வைத்துவிடுகிறது. அருப்புக்கோட்டையில் ஒரு சாவு என்றால், விமானத்தில் இடம் கிடைத்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த வகையில் நாங்களும் தூரதேசத்துக்காரர்கள்தான். எனக்கு மின்சாரத் துறையில் வேலை. மல்லிகா ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். போர்ட் பிளேருக்கு அரசாங்கம் பெயர் மாற்றிய பிறகும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. ஊருக்கு வெளியே கராச்சர்மாவில் குடியிருக்கிறோம். ஒரே மகள் அபிநயா, ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

போன வருஷம் பாயசம் வைத்த அன்று ஊரிலிருந்து என் தம்பி வீடியோ காலில் வந்தான். பின்னால் அவன் மனைவி, பிள்ளைகள், யாரோ விருந்தாளிகள் என்று ஒரு கூட்டமே தெரிந்தது.

"ஏத்தா அபி, உங்கப்பன் அங்க வந்து எத்தனை வருஷமாச்சு, தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும் சித்தப்பா. அப்பா வந்த கப்பலை நான் பாத்திருக்கேன். இப்ப அவன் ரிடையர் ஆயிட்டான்."

"யாரு, கேப்டனா?"

"இல்ல சித்தப்பா, கப்பல்."

அந்தப் பக்கம் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். தம்பியின் மகன் ஒருமுறை அதைச் சொல்லிக் காட்டினான். மறுபடியும் சிரிப்பு. அபிக்குப் பள்ளிக்கூடம், விளையாட்டு, சண்டை, சமாதானம் எல்லாமே இந்திதான். இந்தியில் உயிரில்லாத பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. கப்பல் ஆண், பஸ் பெண். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிடுவாள். 'பஸ் போயிட்டா', 'கப்பல் வந்துட்டான்' என்பதெல்லாம் எங்கள் வீட்டில் பழகிப்போனது. ஊரில் இருப்பவர்களுக்கு அது புதிது.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் அபி போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாயசம் ஆறி ஏடு கட்டியது. சாயங்காலம் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, "எனக்குத் தமிழ் வேணாம்ப்பா," என்றாள். "இங்க அது யாருக்கு வேணும்?"

2

அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தாய்மொழி, பெருமை, வேர் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

மொழி தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வந்த புதிதில் ரேஷன் கார்டுக்காக ஓர் ஆபீசுக்கு அலைந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே 'கல் ஆனா' என்பார். கல் ஆனா என்ன, மண் ஆனா என்ன என்று நானும் அங்கேயே நிற்பேன். நாளைக்கு வா என்று அர்த்தமாம். வரிசையில் நின்ற தெலுங்குக்காரர் ஒருவர் கையாலேயே சூரியனை மறையவைத்து உதிக்கவைத்து எனக்கு விளக்கினார். அப்புறம் பார்த்தால் நேற்றுக்கும் இந்தியில் அதே 'கல்'தான். அந்த ஆபீசைப் பொறுத்தவரை அது பெரிய தவறு என்று சொல்ல முடியாது.

அதே வருஷம் மல்லிகாவுக்குக் காய்ச்சல் கண்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்ட எதுவும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் 'ஹாங், ஹாங்' என்று தலையாட்டினேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "எல்லாத்துக்கும் ஆமாங்கிறீங்களே, என்ன கேக்குறாருன்னு தெரியுமா?" என்றாள். தெரியாது. இந்தி கற்றுக்கொள்ளத் தொடங்கியது அந்த வாரம்தான்.

அபிக்கு அப்படி ஓர் அவசரம் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் தமிழ்ப் பாடம் வைத்தேன். ஊரிலிருந்து வாங்கி வந்த பாடப்புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருப்பாள். சில வாரங்களில் நானே விட்டுவிட்டேன்.

3

பக்கத்து வீட்டில் பிமலும் மினோதியும் இருந்தார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். மினோதி பிறந்ததே நடு அந்தமானில், ரங்கத் பக்கம். பிமலுக்குச் சொந்தமாக ஆட்டோ. அவர்கள் மகள் ரிமியும் அபியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. மினோதி என்னை 'தாதா' என்று கூப்பிடுவாள். பெங்காலியில் அண்ணன் என்று அர்த்தம். ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த மச்சினன் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க இங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று தனியாக விசாரித்தான்.

ஒருநாள் லம்பா லைன் பகுதியில் சவாரி இறக்கிவிட்ட பிமல், ஆட்டோவைக் கிளப்ப முடியாமல் ஹேண்டிலில் தலையைச் சாய்த்துவிட்டார். இறங்கிய பயணியே அவரை வேறோர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, சென்னைக்குத்தான் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தீவுகளில் பெரிய நோய் என்றால் பெரும்பாலும் அதுதான் வழி. கடல் தாண்டிப் பெரிய ஊருக்குப் போகவேண்டும். கூடவே போக ஓர் ஆள் வேண்டும்.

கூடப் போகவேண்டியவள் மினோதி. அவள் தீவை விட்டு வெளியே போனதே இல்லை. ரயிலைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வந்த அன்று எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, மல்லிகா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இந்தியில் சொன்னாள்:

"ஆபரேஷனுக்கு நான் பயப்படலை அக்கா. அதைச் செய்யுறதுக்கு டாக்டர் இருக்காங்க. அவருக்கு என்னமோ ஆகுதுன்னு எனக்குத் தெரிஞ்சு, அதை யாருக்கும் சொல்லத் தெரியாம நின்னுட்டேன்னா? எங்க பெரியப்பா சென்னைக்குப் போனப்ப அப்படித்தான் ஆச்சு. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா யாருக்கும் இந்தி வராது."

"டாக்டருங்களுக்கு இங்கிலீஷ் வரும், இந்திகூட வரும்," என்றாள் மல்லிகா.

"டாக்டர் காலையில ஒரு தடவை வருவார். மத்த நேரம்?"

நான் லீவு போட்டுக் கூடப் போகலாமா என்று யோசித்தேன். மழைக்காலம், மின்கம்பங்கள் சாயும் நேரம், லீவு கிடைக்காது. அபியும் ரிமியும் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா படுத்த நாளிலிருந்தே ரிமி அதிகம் பேசுவதில்லை. அபிதான் உள்ளே வந்தாள்.

"ஆன்ட்டி, தமிழ் நான் சொல்லித் தரேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை. ஏனென்றால் மினோதி சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, "எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று அந்தக் குழந்தையிடம் கேட்டாள்.

4

பாடம் மினோதி வீட்டுக் கூடத்தில் நடந்தது. இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு நேராக அங்கே போய்விடுவார்கள்.

முதல் நாள் அபி பாடப்புத்தகத்தைத்தான் எடுத்துப்போனாள். 'எனது பெயர் மினோதி. நான் அந்தமானில் வசிக்கிறேன்.' வீட்டுக்கு வந்து பெருமையாக ஒப்பித்தபோது மல்லிகா சொன்னாள்: "ஆஸ்பத்திரியில யாருடி 'வசிக்கிறீர்களா'ன்னு கேக்கப்போறாங்க? சாப்பிட்டாரா, யூரின் போனாரா, தூங்குனாரா, எங்க வலிக்குது, கூட இருக்கிறது யாரு. இதைத்தான் கேப்பாங்க. நீ அதைச் சொல்லிக் குடு."

அபி நின்று யோசித்தாள். அதில் பாதி வார்த்தைகள் அவளுக்கே சரியாக வராது. அன்றிலிருந்து சமையலறையில் கேள்விகள் தொடங்கின. "அம்மா, மயக்கம் வேற, தலைசுத்து வேறயா?" "அப்பா, மூச்சு வாங்குதுன்னா கடையிலயா வாங்கறது?" நான் குளிக்கும்போது கதவைத் தட்டி, "குமட்டலுக்கும் வாந்திக்கும் என்ன ஃபரக்?" என்று கேட்டாள். ஃபரக் என்றால் வித்தியாசம். கதவுக்கு உள்ளிருந்தே விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

மினோதிக்கு 'வ' வரவில்லை. பெங்காலி வாய்க்கு எல்லா 'வ'வும் 'ப' ஆகிவிடும். நெஞ்சில் கை வைத்து, "இங்க பலிக்குது," என்பாள். வயிறு பயிறு ஆகிவிட்டது. "பயிறு பலிக்குது" என்று அவள் சொன்னபோது மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அபி மட்டும் சிரிக்கவே இல்லை.

"பலிக்குது இல்ல ஆன்ட்டி, வலிக்குது. பலிக்குதுன்னா நினைச்சது நடக்குதுன்னு அர்த்தமாம், அப்பா சொன்னாங்க. கீழ் உதட்டைப் பல்லால தொடுங்க. இப்படி. வ."

"ப்வ."

"வருது, வருது. இன்னொரு தடவை."

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தன்னைப் பார்த்து ஒரு கூட்டம் சிரித்தது எப்படி இருந்தது என்பதை அவள் மறக்கவில்லை. மறக்காததை எதற்குப் பயன்படுத்துகிறாள் என்பதை அன்று பார்த்தேன்.

இரண்டாவது வாரம் விளையாட்டு பெரிதாகிவிட்டது. அபி கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கினாள். ரிமி டாக்டர். மாடி வீட்டுத் தெலுங்குப் பெண் சிரிஷா நர்ஸ். கட்டிலில் படுத்திருந்த பிமல், வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத நோயாளி வேடத்தில். என்னை ஆட்டோக்காரர் ஆக்கினார்கள்.

"அப்பா, வேகமா பேசுங்க. கொஞ்சம் கோபமாவும் பேசுங்க."

கட்டிலிலிருந்து பிமல் இந்தியில் மெல்ல ஆட்சேபித்தார். "ஆட்டோக்காரனைக் கெட்டவனா காட்டாதே மகளே. உங்க பிமல் மாமாவும் ஆட்டோக்காரன்தான்."

ரிமி சிரித்தாள். அவள் அப்பா படுத்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மினோதி அதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைத் துடைத்தாள்.

மினோதிக்கு எந்த வாக்கியம் முக்கியம் என்று எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னோம். மல்லிகா 'டாக்டரைக் கூப்பிடுங்க' என்றாள். நான் 'எனக்குத் தமிழ் தெரியாது' என்றேன். அபி இரண்டையும் ஏற்கவில்லை.

"'மெதுவா சொல்லுங்க.' அதுதான் முக்கியம்."

"ஏன்?"

"ஊருக்குப் போனா எல்லாரும் வேகமா பேசறாங்க. மெதுவா பேசினா எனக்குப் புரியும். ஆனா அப்படிக் கேக்க வெட்கமா இருக்கும். ஆன்ட்டி வெட்கப்படக் கூடாது."

வருஷா வருஷம் விடுமுறைக்கு அவளை ஊருக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே அவள் பெரும்பாலும் பேசாமல் இருப்பதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

5

இதய நோயாளி என்பதால் கப்பல் கூடாது, விமானத்தில்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விமான நிலையத்தில் மினோதி ரிமியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அபியைப் பார்த்துத் தமிழில், உதட்டைக் கவனமாகப் பல்லால் தொட்டு, "போயிட்டு வரேன்," என்றாள். போகிறேன் என்று சொல்லக்கூடாது, வருகிறேன் என்றுதான் சொல்லவேண்டும் என்று அபி கற்றுக்கொடுத்திருந்தாள். அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. மல்லிகா வேலைக்குக் கிளம்பும்போது தினமும் சொல்வதைக் கேட்டுப் படித்திருக்கிறாள்.

ரிமி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று செய்தி வந்தது. பிமலைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். மினோதி தினமும் போனில் சின்னச் சின்ன வெற்றிகளைச் சொல்வாள். கேன்டீனில் தானே கேட்டு இட்லி வாங்கினாளாம். லிஃப்டில் ஒரு அம்மாளிடம் 'மெதுவா சொல்லுங்க' என்றாளாம். அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னது மட்டுமில்லை, தன் மருமகளைப் பற்றியும் மெதுவாகவே நிறையச் சொன்னாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மல்லிகா டியூட்டிக்குப் போயிருந்தாள். ரிமிக்கு அபி ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அபி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மினோதியின் குரல் உடைந்திருந்தது. இந்தியும் பெங்காலியும் கலந்து கொட்டினாள். பிமலுக்கு மூச்சுத் திணறுகிறது, உதடு நிறம் மாறுகிறது, நர்ஸ் மருந்து வண்டியோடு அடுத்தடுத்த கட்டிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார், கூப்பிட்டால் இதோ வருகிறேன் என்று கை காட்டுகிறார். தனக்கு ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை, படித்தது எல்லாம் போய்விட்டது.

நான் போனை வாங்கக் கை நீட்டினேன். அபி தோளைத் திருப்பிக்கொண்டாள். "ஆன்ட்டி, போனை அவங்ககிட்ட கொண்டு போங்க. ஓடுங்க."

ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல், அவசரமாக: "என்னம்மா, சொல்லு."

அபி சொன்னாள்: "அக்கா, அவ வரமாட்டேங்கிறா. சரியா வரமாட்டேங்கிறா."

"யாரு வரமாட்டேங்கிறா? பாப்பா, நான் வேலையா இருக்கேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. இந்தியில் மூச்சு பெண்பால். நான் மறுபடியும் கையை நீட்டினேன். அபி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்:

"மூச்சு. பிமல் மாமாவுக்கு மூச்சு வாங்குது. உதடு நீலமா மாறுது. உடனே பாருங்க அக்கா. டாக்டரைக் கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் "எந்த பெட்?" என்று யாரையோ கேட்கும் குரல், வண்டி தள்ளப்படும் சத்தம், பல கால்கள். மினோதி போனை அணைக்க மறந்துவிட்டாள். சிறிது நேரம் நாங்கள் ஒரு வார்டின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நின்றோம். பிறகு அதுவும் நின்றது.

ரிமி ஒரு பக்கம் மட்டும் பின்னிய ஜடையோடு நின்றுகொண்டிருந்தாள். அபி அவளை உட்காரவைத்து, மீதி ஜடையைப் பின்னத் தொடங்கினாள். பின்னி முடித்ததும் அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். மத்தியானம் மினோதி கூப்பிடும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்ததாம். உடனே எடுத்துவிட்டார்களாம். இப்போது தூங்குகிறாராம், நிறம் திரும்பிவிட்டதாம். நர்ஸ் போனை வாங்கிப் பேசினார்.

"நீ யாரும்மா, அவங்க பொண்ணா?"

"இல்லக்கா. பக்கத்து வீடு."

"நல்ல நேரத்துல சொன்ன. தமிழ் நல்லா பேசற."

போனை வைத்த பிறகு அபி என்னிடம் கேட்டாள். "அப்பா, நான் முதல்ல தப்பா சொல்லிட்டேன்ல?"

"சொன்ன. அப்புறம் சரியா சொன்ன."

அவள் என் மேல் சாய்ந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். ரிமியும் அழுதாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

6

பிமல் பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். சில மாதங்களில் ஆட்டோ ஓட்டத் தொடங்கிவிட்டார். ஆட்டோக்காரர் வாயில் ஒரு கதை கிடைத்தால் அது எத்தனை தூரம் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. சென்னைக்குப் போகவேண்டியவர்கள், அவர்களுடைய மனைவிகள், மகன்கள் எங்கள் தெருவில் வந்து 'அந்தத் தமிழ் சொல்லித்தர்ற பொண்ணு வீடு எது?' என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம் என்று அபியே நேரம் வைத்தாள். ரிமி, சிரிஷா, இன்னும் சில பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ரிமி இப்போது பெங்காலி வாடையோடு ஜோராகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். பெரியவர்கள் யாரும் நடுவில் பேசக்கூடாது என்பது அவர்கள் போட்ட சட்டம். எனக்கு இன்னும் ஆட்டோக்காரர் வேடம்தான்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்ததில்லை. அவர்களிடம் படித்துவிட்டுப் போன ஒரு பெரியவர் திரும்பி வரவில்லை. அந்த வாரம் அபி பாடம் வைக்கவில்லை. அடுத்த வாரமும் வைக்கவில்லை. "நாம சொல்லிக் குடுத்து என்ன ஆச்சு?" என்று மல்லிகாவிடம் கேட்டிருக்கிறாள். பிறகு அந்தப் பெரியவரின் மருமகள் வீட்டுக்கே வந்தாள். கடைசி நாள்களில் அவர் 'தண்ணி குடுங்க' என்று தமிழிலேயே கேட்டார், கேட்ட உடனே கொடுத்தார்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். அபி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை பாடம் நடந்தது.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள், பிள்ளையை எப்படி இப்படி வளர்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் வளர்த்ததில் இது இல்லை. நான் அவளுக்குத் தமிழைக் கொடுக்கப் பார்த்தேன், அவள் வாங்கவில்லை. மினோதி அவளிடம் தமிழைக் கேட்டாள். ஒரு பெரிய மனுஷி, உயிர் பயத்தோடு, பாதித் தமிழ் தெரிந்த ஒரு குழந்தை முன்னால் வந்து உட்கார்ந்து, நீ சொல்லிக் கொடு என்று கேட்டாள். நல்லது செய் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறோம். அவர்களிடம் உண்மையான தேவையோடு யாரும் போய் நிற்பதில்லை. நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. நான் செய்தது ஒன்றே ஒன்று, அந்த ஞாயிற்றுக்கிழமை நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அதுவும் அவள் தோளைத் திருப்பிக்கொண்டதால்தான்.

அபியின் தமிழ் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. நேற்றுகூட, "மழை வந்துட்டா, துணியை எடுங்க," என்று கத்தினாள். துணியை எடுத்தேன்.

போன சனிக்கிழமை சௌல்தாரியிலிருந்து பஸ் பிடித்து ஃபூல்மணி என்ற பெண் வந்தாள். அவள் தாத்தா காலத்தில் ராஞ்சியிலிருந்து காடு வெட்ட வந்த குடும்பம். இப்போது கொஞ்சம் நிலம், பாக்கு மரங்கள், காய்கறி. மகனுக்குச் சிறுநீரகத்தில் ஆபரேஷன், அடுத்த வாரம் பயணம். வெட்கத்தோடு ஒரு பையில் வெள்ளரிக்காய் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகள் அவளை நடுவில் உட்காரவைத்து, எங்கே வலிக்குது, காய்ச்சல் அடிக்குது, மெதுவா சொல்லுங்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். முடிந்தது என்று நினைத்தபோது அவள் இந்தியில் கேட்டாள்:

"இதெல்லாம் கஷ்டம் வந்தா சொல்றது. டாக்டர் வெளியே வந்து, உன் பையன் பிழைச்சுட்டான்னு சொன்னா, அப்போ நான் என்ன சொல்லணும்?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. சிரிஷா "தேங்க் யூ" என்றாள். "அது தமிழ் இல்ல," என்றாள் ரிமி. அபி சட்டத்தைத் தளர்த்தி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நன்றின்னு சொல்லலாமா?"

சொல்லலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை. அது மேடையில் சொல்வது. உயிரைக் காப்பாற்றிய ஒருவரிடம் எங்கள் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"நீங்க நல்லா இருக்கணும். அதைத்தான் சொல்வாங்க," என்றேன்.

அபி அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஃபூல்மணிக்கு அர்த்தத்தை விளக்கி, துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தாள். நீங்க. நல்லா. இருக்கணும். ஃபூல்மணி உதட்டை அசைத்துப் பழகினாள். ஒருமுறை தடுமாறினாள், ரிமி திருத்தினாள். அப்புறம் வாக்கியம் முழுதாக வந்தது.

அவள் அதைப் பயிற்சிக்காக இன்னொரு முறை சொல்லவில்லை. எழுந்து, அபியின் தலையில் கை வைத்து அதைச் சொன்னாள். பிறகு ரிமியின் தலையில். பிறகு சிரிஷாவின் தலையில். அந்த அறையில் இருந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், நிதானமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள். சௌல்தாரிக்குக் கடைசிக்கு முந்தைய பஸ் போயிருக்கும். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.